போலாரம் பூங்காவில் எடுத்த வீடியோ

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு பயிற்சி வகுப்பு நடக்கும். பத்திரிகையாளர்கள் சமூக ஊடகத்தைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் எப்போதும் தலைப்பு. வெளியிலிருந்து ஒருவர் வருவார். எந்த நேரத்தில் பதிவு போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள், ஹேஷ்டேக்கை எங்கே வைக்க வேண்டும், தலைப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்றெல்லாம் திரையில் காட்டுவார். பிறகு பிரியாணி. நான் பிரியாணிக்காகவே முழு வகுப்பும் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் சொல்வது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயங்களை நான் அந்தக் குளிர்சாதன அறையில் கற்றுக்கொள்ளவில்லை. போலாரத்தில் ஓர் அப்பாவும் மகளும் மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலில்தான் கற்றுக்கொண்டேன்.

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குத் தமிழ், கடைவீதிக்குத் தெலுங்கு, பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம், சண்டைக்கு மட்டும் இந்த ஊர்த் தக்கனி உருது என்று பாஷையைப் பிரித்து வைத்துக்கொண்டு வளர்ந்தோம். பல வருடம் நகரச் செய்தியாளராக அலைந்தேன். இப்போது அதே பத்திரிகையின் சமூக ஊடகப் பக்கங்கள் என் பொறுப்பு. பழைய சகாக்கள் இதை லைக் எண்ணுகிற வேலை என்று கிண்டல் செய்வார்கள். அவர்கள் வாயை மூட முடியாது. பாதி நாள் அது உண்மையும்கூட.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அந்த வீடியோ என் போனுக்கு வந்தது. ஒன்றல்ல, எங்கள் காலனி குழு, யோகா குழு, அண்ணியின் உறவுக்காரர்கள் குழு என்று வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரின் வடகோடியிலுள்ள போலாரத்தில் ஒரு பூங்கா. மழை தூற ஆரம்பித்திருக்கிறது. அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆள், ஐந்தாறு வயதுச் சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கிப் போகிறான். அவள் காலை உதைத்துக்கொண்டு, "நக்கோ! மேரேகு நை ஆனா! சோடோ!" என்று கத்துகிறாள். வேண்டாம், வரமாட்டேன், விடு என்கிறாள். மேலே எங்கேயோ பால்கனியிலிருந்து படம் எடுக்கிற பெண் பதறிப்போய்த் தெலுங்கில் பேசுகிறாள். இவன் ஏதோ பாஷை பேசுகிறான், பாப்பா வேறு பாஷையில் அழுகிறது, இவன் எப்படி அப்பனாக இருக்க முடியும், யாராவது பிடியுங்கள் என்கிறாள்.

எல்லோரும் அந்தச் சிறுமியின் அலறலைக் கேட்டார்கள். நான் போனைக் காதோடு வைத்து அந்த ஆள் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"ஏட்டி, சும்மா இரு. மழ வருதுல்லா? இன்னொரு செருப்ப எங்க போட்ட? வீட்டுக்குப் போயி முட்ட தோச சுட்டுத் தாரேன், அழாத."

அப்புறம் அவன் அவளைத் தோளில் வைத்தபடியே திரும்பி வந்து, சறுக்குமரத்துக்குக் கீழே குனிந்து அந்தச் செருப்பை எடுக்கிறான். குழந்தையைக் கடத்துகிறவன் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பானா? எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. அசல் திருநெல்வேலித் தமிழ் அது. இந்த ஊரில் அதைப் புரிந்துகொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இங்கே வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு மர்மமும் கிடையாது. அப்பா அம்மா தமிழில் கேட்பார்கள், பிள்ளைகள் இந்தியிலோ தெலுங்கிலோ பதில் சொல்வார்கள். என் அண்ணன் பையனிடம் "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் "ஹவ்" என்பான், ஆமாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது தினசரி நடப்பு. பால்கனியிலிருந்து பார்க்கிறவருக்கு அது குற்றமாகத் தெரிந்துவிட்டது.

அலுவலகத்தில் அதற்குள் பதிவு தயாராகிவிட்டிருந்தது. அதே வீடியோ, மேலே "பட்டப்பகலில் குழந்தைக் கடத்தல்?" என்று தலைப்பு. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் வேண்டிய அளவுக்குப் போட்டவள்தான். எங்கள் பொறுப்பாசிரியர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். மற்றவர்கள் எல்லாம் போட்டாகிவிட்டது, நாம் மட்டும் வேடிக்கை பார்ப்பதா என்று கேட்டார். அந்த ஆள் என்ன பேசுகிறான் என்று அவருக்கு வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். முட்டை தோசை என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காவல் நிலையத்துக்குப் போன் செய்தோம். குழந்தை காணவில்லை என்று எந்தப் புகாரும் இல்லை என்றார்கள். பதிவு நின்றது. ஆனால் யாரோ வீடியோவைப் பெரிதாக்கிக் கார் நம்பரைத் தனியாக எழுதி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பார்த்த இடத்தில் பிடியுங்கள் என்று அதற்குக் கீழே. எங்கள் ஊரிலும் சரி, மற்ற ஊர்களிலும் சரி, இப்படி ஒரு வரியை நம்பிக் கூடிய கூட்டம் என்ன செய்யும் என்று எழுதிப் பழகியவள் நான்.

அந்த ஆளை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். "இவரைத் தெரியுமா?" என்று வீடியோவை நானே போட்டால், நானும் பரப்புகிறவள் ஆகிவிடுவேன். அதனால் படத்தை எடுத்துவிட்டு, குழந்தையின் அழுகையையும் வெட்டிவிட்டு, அவர் குரலை மட்டும் தனியாகப் பிரித்தேன். இந்த ஊர்த் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம், பிரதோஷ நேரம், வாடகைக்கு வீடு, இதுதான் அதில் ஓடும். எவ்வளவோ நாள் அதிலிருந்து விலகப் பார்த்து, அம்மா திட்டுவாளே என்று சும்மா இருந்தேன். அந்தக் குழுவில் குரலைப் போட்டு, இது யார் என்று தெரிந்தால் எனக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் எழுதாதீர்கள் என்று கேட்டேன்.

காபி குடித்து முடிப்பதற்குள் நகரின் மறுகோடியில் இருக்கும் காஞ்சன்பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

"ஏங்க, இது எங்க பெரியம்மா மவன் சத்தமுல்லா! அவனுக்கு என்னங்க ஆச்சு?"

அந்த அம்மாவிடம் விலாசம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போலாரம் போனேன். அந்த அப்பா கதவைச் சங்கிலியோடு திறந்து, என் முகத்தைப் பார்த்து, காஞ்சன்பாக்கில் இருக்கும் அவர் சித்தி மகள் முன்பே போன் செய்திருந்ததால் உள்ளே விட்டார். ஜன்னல் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. மென்பொருள் கம்பெனியில் வேலை, இங்கே வந்து நாலைந்து வருடம்தான் ஆகிறது. மனைவி அலுவலகப் பயிற்சிக்காகச் சென்னை போயிருக்கிறார், திரும்ப இன்னும் சில நாள் ஆகும். சிறுமி தரையில் படுத்து, யானைக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் பால் வாங்க மகளையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார். கடைக்குப் பக்கத்தில் சிலர் மறித்துக்கொண்டார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடிக்க, இன்னொருவன் சிறுமியிடம் குனிந்து, இவன் யார் என்று சொல் என்று அதட்டியிருக்கிறான். அவள் மிரண்டுபோய் நின்றுவிட்டாள். அடுக்குமாடியின் வாட்ச்மேன் ஓடிவந்து, இவர் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கிறவர், அவர் பிள்ளைதான் இது என்று கத்தி மீட்டிருக்கிறார்.

"அவ வாயத் தொறக்கலீங்க," என்றார். "பயத்துல அப்பான்னு ஒரு வார்த்த வரல. அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது."

மகளின் வகுப்பு ஆசிரியையும் அவருக்குப் போன் செய்திருந்தார். பிள்ளையை அழைத்துப்போக நீங்கள் வராமல் அம்மாவை அனுப்புங்கள், கேட்டில் நிற்கிற மற்றப் பெற்றோர்கள் பதற்றமாக இருக்கிறார்கள் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கு ஸ்கூல். என் புள்ள கையப் புடிச்சிக்கிட்டு நான் எப்படிங்க ரோட்டுல நடப்பேன்? அத மட்டும் சொல்லுங்க."

சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. அல்லது இருப்பதாக நினைத்தேன். இப்படிப்பட்ட வதந்திகளுக்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பரவுகிற அதே படத்தை எடுத்து, அதன் மேல் சாய்வாகச் சிவப்பு முத்திரையில் "பொய்" என்று போட்டு வெளியிடுவோம். அலுவலகத்திலிருந்து அதைத் தயாராக்கி என் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தார்கள். போனை அவரிடம் நீட்டினேன். அவர் நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்பு முத்திரை. போனில் சின்னதாகப் பார்த்தபோது, தேடப்படும் குற்றவாளி என்று சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் போலவே இருந்தது.

"இதுல நான் இன்னும் களவாணி மாதிரில்லா இருக்கேன்," என்றார்.

எத்தனை பேருக்கு இந்த முத்திரையைக் குத்தியிருக்கிறோம் என்று நினைத்ததும் எனக்குப் போனை அணைத்துவிடத் தோன்றியது. அவர் முகத்தை இனி எங்கும் போடுவதில்லை என்று சொன்னேன். சிறுமி வந்து பச்சை யானையை என்னிடம் காட்டிவிட்டுப் போனாள்.

அந்த வீடியோவை ஊர் நம்பியதற்குக் காரணம் படம் அல்ல, பால்கனிப் பெண்ணின் குரல்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையான பதற்றம் அது, நடிப்பில்லை. நான் எழுதுகிற எந்த வாக்கியமும் அந்தக் குரலுக்கு ஈடாகாது. அந்தக் குரலே திரும்பிப் பேசினால்தான் உண்டு.

அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து, எனக்கு வீடியோ அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். உங்களுக்கு யார் அனுப்பினார்கள்? அவருக்கு யார்? முக்கால்வாசிப் பேர் "ஃபார்வர்ட் வந்தது, அனுப்பினேன்" என்று போன் பில் கட்டியதைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு யோகா குழு நிர்வாகி, ஒரு பள்ளிப் பெற்றோர் குழு என்று பின்னாலேயே நடந்து, கடைசியில் பூங்காவுக்கு எதிர்க் கட்டடத்தில் முதல் மாடி வீடு ஒன்றில் போய் நின்றேன்.

பால்கனியில் நின்று படம் எடுத்தவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முகம் வெளுத்தது. நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப, நிஜமாகவே அவர் அப்பாவா என்று கேட்டாள். எனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது அக்கா, பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வருமா என்று தெலுங்கில் அழுதாள். கோபத்தோடுதான் படியேறினேன். அவள் அழுவதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. தெரியாத ஒரு குழந்தைக்காகப் பதறியவள் அவள். அவளுக்குத் தமிழ் தெரியாதது அவள் தப்பா?

அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். அவளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றதும் குதித்தார். முகத்தோடு ஒரு பேட்டி எடுங்கள், வதந்தியைக் கிளப்பிய பெண் என்று போட்டால் பக்கம் அள்ளிக்கொண்டு போகும் என்றார். அள்ளிக்கொண்டு போகும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நேற்று அந்த மனிதரைத் தேடிய அதே ஜனம் நாளை இவளைத் தேடும், அவ்வளவுதான் வித்தியாசம். முடியாது என்றேன். அப்படியானால் நமக்கு என்னதான் மிஞ்சும் என்றார். ஒரு நாள் ஒன்றும் மிஞ்சாவிட்டால் குடி முழுகிப்போகாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அவர் என்மேல் வைத்திருக்கிற மரியாதையில் மறுபடி கூப்பிடவில்லை.

அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அதே குரலில் ஒரு குரல்பதிவு. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், எங்கள் பக்கத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி வராது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் அவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள்.

கூட்டிக்கொண்டு வந்தேன். அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் "உக்காருங்க, உக்காருங்க" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்கு அவள்மேல் கோபம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சிறுமிதான் நேராக அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, மை ரோ ரஹீ தீ, வீடியோ கைக்கு லியே?"

நான் அழுதுகொண்டிருந்தேன், எதற்கு வீடியோ எடுத்தீர்கள் என்றாள். அந்தப் பெண் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பிடித்துக்கொண்டுதான் பதிவையும் பேசினாள். தெலுங்கில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை. பூங்காவில் வீடியோ எடுத்தது நான்தான், அதில் கேட்ட குரல் இதுதான், அது அவருடைய சொந்த மகள், இப்போது அவர்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன், தயவுசெய்து அந்த வீடியோவை அழித்துவிடுங்கள் என்றாள். நடுவில் அழுகை வந்தது. அதை வெட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

வந்த வழியிலேயே அதைத் திருப்பி அனுப்பினோம். பள்ளிப் பெற்றோர் குழு, யோகா நிர்வாகி, பல் டாக்டர், என் காலனி. ஒரு நிர்வாகி எங்கள் குழுவில் ஆன்மிகச் செய்தி மட்டும்தான் போடலாம் என்றார். நேற்றைய வீடியோ எந்தக் கடவுளைப் பற்றியது என்று கேட்டேன். போட்டார். வீடியோவைப் போட்டிருந்த மற்றச் செய்திப் பக்கங்களில் எனக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். சிலர் உடனே எடுத்தார்கள், ஒருவர் சத்தமில்லாமல் தலைப்பில் இன்னொரு கேள்விக்குறியைச் சேர்த்தார். எங்கள் பக்கத்தில் படமே இல்லாமல் நாலு வரி, கூடவே போலீஸ் சொன்னது. அதை யாரும் சீந்தவில்லை. கீழே ஒருவர் மட்டும் "போட்டோ எங்கே?" என்று கேட்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணி எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அந்தப் பெண்ணின் குரல்பதிவு. "கேட்டியா, பாவம் அந்தப் பொண்ணு" என்று எழுதியிருந்தாள். அதில் எனக்குச் சம்பந்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. சமையலறையில் நின்று அதை மறுபடி கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய எந்தச் செய்திக்கும் அப்படி இருந்ததில்லை.

திங்கட்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்கு அவரோடு நானும் கேட்டுக்குப் போனேன். கூட வர முடியுமா என்று அவர்தான் கேட்டார். சலவை செய்த சட்டை, முழுக்கால் சட்டை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. ஞாயிற்றுக்கிழமை கண்ட மனிதரா என்று இருந்தது. பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அருகில் வந்து, குரல்பதிவைக் கேட்டேன் சார், மன்னித்துக்கொள்ளுங்கள், நானும் அனுப்பிவிட்டேன் என்று கைகொடுத்தார். ஓர் அம்மா சிரித்தார். வேறு இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். வகுப்பு ஆசிரியை அவரைப் பார்த்துத் தலையாட்டி, மகளை வெளியே விட்டார். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

சிறுமி கேட்டைத் தாண்டி வந்து நின்றாள். சுற்றி நின்ற எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, இதுவரை அவள் வாயில் நான் கேட்டே இராத தமிழில், மேடையில் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அப்பா! நீ வந்துட்டியா அப்பா? நாம நம்ம வீட்டுக்குப் போலாமா, அப்பா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். இது கார் அப்பா. இது மரம் அப்பா. இன்னிக்கு நான் சாப்பிட்டேன் அப்பா. யாரையாவது கடக்கும்போதெல்லாம் அந்த அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாக வந்தது.

"தமிழ் பேசு, தமிழ் பேசுன்னு எவ்வளவோ கெஞ்சியிருக்கேங்க," என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இதுக்காக இல்ல."

அவளைக் காருக்குள் ஏற்றி, தானும் ஏறிக் கதவை மூடினார். சன்னல் கண்ணாடி திறந்திருந்தது. அவள் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் காதோடு வாயை வைத்து அவளுடைய சொந்த பாஷையில் கேட்டாள்.

"சப் லோகாங் சுனே நா, அப்பா?"

எல்லாரும் கேட்டார்களா என்கிறாள். "கேட்டாங்கட்டி," என்றார் அவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார்.